பழைய மாருதி 800 சூடேறுகிறதா? எப்போது ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதும் எல்லோரும் கேட்பது "எந்த பார்ட்டை மாத்தணும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வண்டி எப்போது சூடேறுகிறது? சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? ஊருக்குள் ஒன்றுமில்லாமல், 80 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் மட்டும் ஏறுகிறதா? மலை ஏறும்போதா? இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்திலேயேவா? ஒவ்வொரு பதிலும் வெவ்வேறு இடத்தைக் கைகாட்டும். இதைக் கேட்காமல் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பணம் போகும், சூடு போகாது.

இங்கே சொல்வது 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் மாருதி 800-ஐ மனதில் வைத்து. அதே காலத்துச் சின்ன பெட்ரோல் கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அம்பாசடர், பழைய ஜீப் மாதிரி பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள வண்டிகளுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறோம்.

வழியில் முள் ஏறிவிட்டால்

ஏசி ஓடினால் உடனே நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், முழு ஃபேனில் போடுங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டரே. அப்படியும் முள் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "பக்கத்துல ஒரு ஒர்க்ஷாப் இருக்கு, ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டினால், அந்த இரண்டு கிலோமீட்டரில் சிலிண்டர்களின் மேல் மூடியாக இருக்கும் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால்தான். மூடியைத் திருகிய நொடி அழுத்தம் போய், மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கினால் தளர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு, தடித்த துணியை மூடி மேல் போட்டு, முதல் பல் வரை மட்டும் திருகி, சீறல் முழுதும் அடங்கியதும் அழுத்தித் திறங்கள். அனலாக இருக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் ஆபத்து. ஹெட்டில் விரிசல் விழும்.

முள் சொல்வது உண்மைதானா?

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இக்னிஷனை ஆன் செய்து, டெம்பரேச்சர் சென்சாரில் இருக்கும் ஒற்றை ஒயரைக் கழற்றுங்கள். முள் கீழே கிடக்க வேண்டும். அந்த ஒயர் முனையை ஒரு கணம் இன்ஜின் உடம்பில் தொட்டால் முள் மேலே ஓட வேண்டும். ஒயரைக் கழற்றிய பிறகும் முள் சிவப்பிலேயே நின்றால், ஒயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது. கூலிங்கில் குறை இல்லை. அம்பாசடர் போன்ற வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறினால், மீட்டருக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் சின்ன ஸ்டெபிலைசரைச் சந்தேகப்படுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். தண்ணீர் அடியோடு குறைந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும். அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் சாதாரணமாகக் காட்டும், சில நேரம் குறையக்கூடச் செய்யும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்.

தண்ணீர் எங்கே போகிறது?

அடுத்தது, இன்ஜின் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து ரேடியேட்டரின் உள்ளே பார்ப்பது. பக்கத்து ரிசர்வ் பாட்டிலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாட்டில் நிறைய இருந்து ரேடியேட்டர் குறைந்திருப்பது பழைய வண்டிகளில் சகஜம்.

குறைந்திருந்தால் ஒழுகல் தேட வேண்டும். ஹோஸ் கிளிப் ஓரங்கள், ரேடியேட்டரின் பத்தவைப்பு மூலைகள், வாட்டர் பம்பின் அடிப்பக்கம், பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து இறக்கியிருக்கும் வட்டத் தகட்டு மூடிகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த உப்புத் தடம் இருந்தால் அங்கேதான் கசிவு. ஓடும்போது சொட்டு அனலில் ஆவியாகிவிடும், அதனால் தரையில் ஈரம் தெரியவேண்டும் என்றில்லை. வாட்டர் பம்பின் உடம்பில் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். பம்பின் உள் சீல் போய்விட்டால் தண்ணீர் வெளியேறுவதற்கென்றே வைத்த துளை அது. அங்கே ஈரமோ காய்ந்த கறையோ இருந்தால் பம்பின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். துளையை எம்-சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

முன்சீட்டுக் காலடியில் கார்பெட் ஈரமாக இருந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஆவி படிந்து, இனிப்பு வாடை வந்தால் ஹீட்டருக்குள் ஒழுகுகிறது.

ஒழுகலை அடைக்க மஞ்சள்தூள் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கடையில் விற்கும் லீக் அடைப்புப் பொடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆளில்லாத ரோட்டில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும். ஆனால் அந்தத் தூளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் குறுகிய குழாய் எது என்று தெரியாது. வீடு வந்ததும் முழுவதையும் வடித்து அலசிவிடுங்கள்.

மூடியை அலட்சியம் செய்யாதீர்கள்

இருக்கிற பாகங்களிலேயே மலிவானது ரேடியேட்டர் மூடி. கடைசியில் நினைவுக்கு வருவதும் அதுதான். அதன் மேல் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றை விடச் சதுர செ.மீ.க்கு 0.9 கிலோ அதிக அழுத்தம் வரை தாங்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்த 18 டிகிரி பாதுகாப்பு காணாமல் போகும். மலையேறும்போது இது இரட்டை அடி. ஊட்டி உயரத்தில் அழுத்தமில்லாத தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சமவெளியில் குறையே காட்டாத வண்டி குன்னூர் தாண்டியதும் பொங்கினால், முதல் வேலையாக மூடியைப் பாருங்கள்.

மூடியின் அடியில் பெரிய ரப்பர் வாஷரும், நடுவில் காசு அளவுள்ள ஒரு சின்ன வால்வும் இருக்கும். ரப்பரில் வெடிப்போ, கழுத்தின் விளிம்பு பதிந்த ஆழமான பள்ளமோ இருந்தால் மாற்றிவிடலாம். நடு வால்வை நகத்தால் இழுத்துவிட்டால் பட்டென்று திரும்பி உட்கார வேண்டும். இன்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுப்பது இந்தச் சின்ன வால்வுதான். இது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும், பாட்டிலில் தண்ணீர் ஏறியபடியே நிற்கும். புது மூடி வாங்கும்போது அதே அழுத்த எண் உள்ளதையே வாங்குங்கள். அதிக எண் போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டர் மூலையும் பிய்யும்.

நின்றால் ஏறுகிறது என்றால் ஃபேன்

வண்டி ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகும். நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் கதி. அதனால் சிக்னலில் ஏறி, ஓடினால் இறங்கும் வண்டியில் நேராக ஃபேனுக்குப் போகலாம்.

இன்ஜினை ஆக்ஸிலரேட்டர் தொடாமல் ஐடிலில் விட்டு முள்ளைக் கவனியுங்கள். பாதியைக் கொஞ்சம் தாண்டும் இடத்தில் ஃபேன் ஓட ஆரம்பித்து, ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும். ஓடவில்லை என்றால், தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு ஒயர் இருந்தால் ஒரு துண்டு ஒயரால் இரண்டையும் இணையுங்கள். ஒற்றை ஒயராக இருந்தால் அதை இன்ஜின் உடம்பில் தொடுங்கள். இக்னிஷன் ஆனில் இருக்கட்டும், கை ஃபேன் பக்கம் போக வேண்டாம். ஃபேன் ஓடினால் கெட்டது சுவிட்ச். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுவிட்சை மாற்றிய பிறகும் ஃபேன் வராத வண்டிகள் உண்டு. அதில் சுவிட்சின் மூக்கு தண்ணீரில் இல்லாமல் காற்றுக்குமிழியில் நிற்கும். ஏர்லாக்கை எடுக்காமல் எத்தனை சுவிட்ச் போட்டாலும் ஃபேன் வராது.

ஃபேன் ஓடுகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஓட்டத்தில் பலம் இருக்கிறதா, காற்று எந்தத் திசையில் போகிறது என்பதும் பார்க்க வேண்டும். ஃபேன் ஓடும்போது ஒரு செய்தித்தாள் பக்கத்தை ரேடியேட்டருக்கு முன்னால் பிடியுங்கள். தாள் சட்டென்று இழுபட்டு ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தாலும் விழாமல் நிற்க வேண்டும். படபடத்துக்கொண்டு சரிந்தால் மோட்டார் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது கனெக்டர் கறுத்துப் போயிருக்கும். மோட்டார் ஓடும்போது அதன் முனைகளில் 11 வோல்ட்டுக்கும் குறைவாக வந்தால் ஒயரிங்கையும் எர்த்தையும் சுத்தம் செய்யுங்கள். தாள் உங்கள் பக்கம் தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றியவர் ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி, வண்டி ஓடும்போது வரும் காற்றையும் தடுக்கிறது. இது நெடுஞ்சாலையிலும் சூடேற்றும்.

அம்பாசடர், ஜீப்பில் ஃபேன் பெல்ட்டோடு சேர்ந்தே ஓடும். அங்கே பார்க்க வேண்டியவை பெல்ட்டின் இறுக்கமும், ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே உள்ள கூண்டும். அந்தக் கூண்டை "இடைஞ்சல்" என்று கழற்றி எறிந்திருந்தால், ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் சுற்றியிருக்கும் சூட்டுக் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும்.

ஓடினால் ஏறுகிறது என்றால் தண்ணீரின் ஓட்டம்

வேகத்தில் சூடேறினால் பெரும்பாலும் காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர்தான் போதுமான அளவு சுற்றவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ், பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கம் சுலபம். பிறகு ஏசி பொருத்திய 800 என்றால் முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு, பூச்சி, மண் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி தண்ணீர் அடியுங்கள். பிரஷரை மிக அதிகமாக வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

உள் அடைப்புக்கு முக்கியக் காரணம் போர் தண்ணீர். நம் ஊர்களில் பக்கெட்டில் வைத்தாலே வெள்ளை படியும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால், குழாய்களின் உட்சுவரில் டீ போடும் பாத்திரம் மாதிரி உப்புப் பிடிக்கும். வண்டியை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, ஃபேன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் முகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பாருங்கள். சூடான தண்ணீர் நுழையும் வாய் உள்ள பக்கத்திலிருந்து வெப்பம் சீராகக் குறைந்துகொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே தண்ணீரே போகவில்லை. ரேடியேட்டரைக் கழற்றியிருந்தால், ஹோஸ் பைப் தண்ணீரை மேல் வாயில் விடுங்கள். கீழ் வாயில் அதே வேகத்தில் கொட்ட வேண்டும். மேலே நிரம்பி வழிந்தால் அடைப்பு உறுதி. பித்தளை-செம்பு ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுக்கும் ராடிங் செய்து தருவார்கள். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டருக்கு அந்தச் செலவு வீண், புதிதே மேல். காஸ்டிக் சோடா, ஆசிட் ஊற்றிக் கழுவுவதை ஏற்காதீர்கள். ஹெட்டும் அலுமினியம்தான், அதையும் சேர்த்து அரிக்கும்.

கீழ் ஹோஸைப் பார்க்க ஆள் துணை வேண்டும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து இன்ஜினை 3000 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றட்டும். பம்ப் உறிஞ்சும் பக்கம் இது, அதனால் ஊறிப்போன ஹோஸ் அப்போது ஸ்ட்ரா மாதிரி உள்வாங்கும். ஐடிலில் மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும் என்பதால் நின்ற வண்டியில் இந்தக் கோளாறு கண்ணில் படாது.

பம்பை ஓட்டும் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. வரை தாழலாம். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆன பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. வெளியே எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் இல்லையென்றால் உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கலாம். வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட்: கழற்றி வீசாதீர்கள்

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார், கழட்டிவிட்டுடலாம்." இதைக் கேட்காத பழைய வண்டிக்காரர் இருக்க மாட்டார். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும். கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். மைலேஜ் குறையும், ரிங் தேயும். அடைபட்ட ரேடியேட்டரின் குறையும் கொஞ்ச நாளைக்கு மறைந்து கிடந்து, சித்திரை வெயிலில் திரும்ப வரும்.

வேலை செய்கிறதா என்பதைக் கையாலேயே அறியலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் விரல் வையுங்கள். ஃபேனுக்கு விலகியே கை இருக்கட்டும். முதல் சில நிமிடங்கள் இன்ஜின் சூடேறினாலும் ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். முள் பாதியை நெருங்கும்போது, பத்து இருபது நொடிக்குள் ஹோஸ் விரல் வைக்க முடியாத சூட்டுக்கு மாறும். அப்போதுதான் வால்வு திறந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பானால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது. முள் சிவப்புக்குப் போயும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் மூடியபடி மாட்டியிருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. வால்வின் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். தெர்மாமீட்டர் அந்த எண்ணை ஒட்டி வரும்போது வால்வு நகர ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் 8 மி.மீ. அளவுக்குத் திறக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்கட்டும். காற்று வெளியேற விளிம்பில் ஆடும் சிறு ஊசி மேலே வரட்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் பொங்குகிறது

இங்கேதான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் வருகிறது. வெடிப்பு அறையின் வாயு கேஸ்கெட்டைத் தாண்டித் தண்ணீர்ப் பாதைக்குள் நுழைந்தால், அது தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒழுகலே தெரியாமல் தண்ணீர் குறைவது, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

உறுதி செய்ய ஒரு சோதனை: இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றுங்கள், அப்போது பம்ப் சுற்றாது. ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் தண்ணீரைக் கவனியுங்கள். பம்பே ஓடாத நிலையில் விடாமல் குமிழி வந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதிகமானால் அது இன்ஜினின் வாயுதான். மூன்று பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவி எடுத்த மாதிரி வெளுத்தும் இருந்தால் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் போகிறது. ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெள்ளைக் குழம்பு இருப்பதை மட்டும் வைத்து பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் தேங்கி அப்படி ஆகும். டிப் ஸ்டிக்கிலேயே ஆயில் காபி நிறத்தில் வந்தால்தான் விஷயம் பெரிது.

ஹெட்டை இறக்கிவிட்டால் வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி ஏற்றாதீர்கள். நேரான இரும்பு ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விடுங்கள். 0.05 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங் செய்தே ஆக வேண்டும்.

கூலிங்கில் குறையில்லாமலும் சூடு வரும். பிளக் பொறி விடும் நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், பின்தங்கியிருந்தாலோ, கார்புரேட்டர் தரும் கலவையில் பெட்ரோல் குறைவாக இருந்தாலோ முள் ஏறும். பிரேக் பிடித்தபடி ஓடினாலும் இதே கதைதான். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால் எது அனலடிக்கிறது என்று தெரியும்.

திரும்ப நிரப்பும்போது

வேலை முடிந்த வண்டி மறுநாளே சூடேறித் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் ஏர்லாக்தான் காரணம். வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டர் லீவரைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் தள்ளுங்கள். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, மெதுவாக, மேல் ஹோஸை இடையிடையே அமுக்கிவிட்டு ஊற்றுங்கள். மூடி போடாமல் ஐடிலில் விட்டால் தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் திடீரென்று இறங்கும். அதை நிரப்பி, குமிழி நின்று, ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு மூடியைப் போடுங்கள். பாட்டிலில் குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் நடுவில் இருக்கட்டும். வேறு நிறக் கூலன்ட் ஏற்கனவே இருந்தால் கலக்காமல் முழுதாக வடித்துவிடுங்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது கொடிய விஷம்.

மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். கழுத்துவரை இருந்தால் வண்டியை எடுக்கலாம். கால் லிட்டர் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, அதற்கடுத்த நாளும் பாருங்கள். மறுபடியும் குறைந்திருந்தால் ஒழுகல் தேடுவதிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.